நீரிழிவும் கண்ணொளியும்

(ஸ்ரீபெரும்புதூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். அவ்வாறே ஒரு பொருளை ஆயத்தம் செய்யவும் தொடங்கினோம். ஆயின், சென்ற சில திங்களாக எம் குடும்பத்தில் நிகழ்ந்ததொன்று எம் மனத்தை விட்டு அகலாமையின், இலக்கியத்தைப் பிறிதொரு நாளைக்கு நிறுத்தி, நீரிழிவு நோய் கண்ணொளியைக் கவரும் வகையினை இன்று தங்கள்முன் விண்ணப்பம் செய்துகொள்ளத் துணிந்தோம். யாம் வைத்தியர் அல்லேம். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காலங்கழிப்போம். வைத்தியர்கள் சொல்லக் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்தவற்றையே கூறுகின்றோம். குற்றம் இருப்பின் பொறுத்துக் குணத்தைக் கொள்வீர்களாக.

நாம் வாழும் இப்பகுதி பண்டு ஏரிகளின் நாடாக விளங்கிற்று. கரையும் மதகும் கலங்கலும் இல்லாத ஊர் இங்கே அரிது. நம் முன்னோர் அந்நீரைக் கொண்டு கழனியை உழுது வாழ்ந்தனர். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர்ச் சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் எனத் தொழிற்பேட்டைகள் பரந்தன. ஏர் பிடித்த குடியில் பிறந்த கை இன்று இயந்திரம் பிடிக்கின்றது. இதனால் விளைந்த நன்மைகளை யாம் மறுக்கவில்லை. பிள்ளைகள் படித்தனர், கூரை வீடு மாடி வீடாயிற்று. ஆயினும் உடலுழைப்புக் குறைந்தது. ஷிப்டு முறையினால் இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறின. உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் நிலைதவறின. இரவு ஷிப்டில் நெடுங்காலம் வேலை செய்வோரை நீரிழிவு மிகுதியாகப் பற்றுகின்றது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவுடையார் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். இவ்வவையில் அமர்ந்துள்ள குடும்பங்களுள் இந்நோய் தீண்டாத குடும்பம் எத்தனை என்று தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க. எம் தமக்கையாரின் கணவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், ஒரகடத்துப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கு வண்டியை ஓட்டிவந்தார். வயது ஐம்பத்திரண்டு. தொழிற்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்பரிசோதனையில் அவர்க்குச் சர்க்கரை மிகுதி என்று தெரிந்து நான்காண்டுகள் ஆயின. அதனை அவர் எம் தமக்கையார்க்கும் சொல்லவில்லை. மாத்திரையை வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருந்து, நினைத்தபோது உண்டார், மறந்தபோது விட்டார். மறைத்ததற்குக் காரணம் பின்னர்க் கூறுவோம்.

சென்ற ஆண்டில் ஒருநாள் அவர் எம்மிடம், "மச்சான், வண்டலூர் ரோட்டு விளக்கெல்லாம் இரவில் பூத்தாற்போலத் தெரிகின்றது" என்றார். யாமோ, "மாமா, வயது ஏறினால் எல்லார்க்கும் வருவதுதான், கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றோம். படித்தவன் சொன்னான் என்று அவரும் கடைக்குச் சென்று கண்ணாடியை மாற்றிக்கொண்டார். இரண்டு திங்கள் சென்றபின், இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய விடியற்காலையில், வலக்கண்ணில் தண்ணீரில் மை சிந்தினாற்போலக் கரிய இழைகள் பரவினவாம். வீடு வந்து சேர்வதற்குள் அக்கண்ணில் வெளிச்சமும் இருளும் அன்றி வேறொன்றும் தெரியவில்லை. கண் வைத்தியர் பரிசோதித்து, வலக்கண்ணுக்குள் குருதி கசிந்துவிட்டது என்றும், இடக்கண்ணிலும் தகாத புதுக் குருதிக்குழாய்கள் முளைத்துள்ளன என்றும் கூறினார். ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் இத்துணையும் நேர்ந்திராது என்றும் சொன்னார். அச்சொல் எம்மையே நோக்கிச் சொன்னதுபோல எமக்குப் பட்டது.

ஆதலால், கண்ணுக்குள் யாது நிகழ்கின்றது என்பதை அறிந்தே தீர்வதென்று முயன்றோம். அறிந்ததைத் தங்களுக்குத் தெரிந்த பொருள்களைக் கொண்டே விளக்குவோம்.

நாம் உண்ணும் சோறு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றது. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் ஓர் அடுப்பு எனவும், குளுக்கோஸ் அதற்கு விறகு எனவும் கொள்க. விறகு எரிந்தால் சூடும் உண்டு, புகையும் உண்டு. குளுக்கோஸ் படிப்படியாகச் சிதைந்து ஆற்றல் தரும்போது, இடைவழியில் அதன் ஒரு சிறு பகுதி வழிதவறி மெத்தில்கிளையாக்ஸால் என்னும் பொருளாக மாறுகின்றது. இதுவே சர்க்கரையின் புகை. நோயில்லாதார் உடம்பிலும் இஃது உண்டாகவே செய்யும். ஆயின், கிளையாக்ஸலேஸ் என்னும் நொதிகள் குளுட்டாதயோன் என்னும் துணைப்பொருளோடு கூடி, அதனை உடனுக்குடன் தீங்கற்றதாக மாற்றிவிடும். இவற்றை உடம்பின் புகைபோக்கி எனலாம். தசையின் உயிரணுக்கள், குருதியில் சர்க்கரை மிகுந்தாலும் உட்புகும் அளவைக் கட்டுப்படுத்த வல்லன. விழித்திரையின் நுண்குழாய்களை உள்ளே போர்த்திருக்கும் உயிரணுக்களுக்கோ அவ்வாற்றல் குறைவு. குருதியில் எத்துணை ஏறுமோ அத்துணையும் அவற்றுள் ஏறும். அடுப்பில் விறகை வரம்பின்றித் திணித்தால் புகைபோக்கி என் செய்யும்? புகை வீட்டுக்குள் திரும்புகின்றது.

இப்புகை வாளா இருப்பதன்று. உடம்பின் புரதங்களைத் தொட்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். குளுக்கோஸ் பற்றுவதைக் காட்டினும் பல்லாயிர மடங்கு விரைவாகப் பற்றும். சர்க்கரையும் புரதமும் கூடினால் நிறம் பழுத்துக் கடினமாகும் என்பதைப் பிரான்சு தேசத்து லூயி கமில் மையார் என்பவர் 1912-இல் எடுத்துரைத்தார். நம் தாய்மார்கள் அதனை நாள்தோறும் காண்கின்றார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சினால் பழுப்பேறிப் பால்கோவாவாவதும், தோசை முறுகிச் சிவப்பதும் அவ்வினையே. அடுப்பில் சில நிமிடங்களில் நிகழ்வது, உடம்பின் இளஞ்சூட்டில் திங்கள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நிகழ்கின்றது. அங்ஙனம் சர்க்கரையும் அதன் புகையும் ஒட்டி முதிர்ந்த புரதங்களைச் சர்க்கரைக் கசடு என்று யாம் வழங்குவோம். குருதியின் செந்நிறப் புரதத்தில் சர்க்கரை ஒட்டுவதனை நீரிழிவோடு சேர்த்துக் கண்டவர் ஈரான் தேசத்துச் சாமுவேல் ரஹ்பார், ஆண்டு 1968. நம்மவர் மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லும் பரிசோதனை அவர் கண்டதன் வழியே வந்ததாம்.

இனி, இக்கசடு விழித்திரையில் செய்வது யாது? விழித்திரையை ஓர் ஏரியின் ஆயக்கட்டு என்று கொள்ளலாம். நுண்ணிய குருதிக்குழாய்கள் அதன் வாய்க்கால்கள். அவ்வாய்க்கால்களின் கரையை வெளியிலிருந்து தழுவித் தாங்கும் துணை உயிரணுக்கள் உண்டு. நீரிழிவில் முதலில் மடிவன அவையே. கசடு படிந்து சுவர் கெட்டியாகும். கசட்டினைப் பற்றும் ஏற்பிகள் வழியாக அழற்சி மூளும். கரை தளர்ந்த இடத்தில் குழாய் புடைக்கும்; நீர் கசியும்; சில குழாய்கள் தூர்ந்தே போகும். அப்போது கடைமடைக்கு நீர் செல்லாது. பட்டினி கிடக்கும் விழித்திரை, எமக்குக் குருதி வேண்டும் என்று கூவுகின்றது.

அக்கூவல் வெறும் உவமையன்று. அஃது ஒரு பொருள். பட்டினியுற்ற விழித்திரையினின்று ஏதோ ஒன்று பரவிப் புதுக்குழாய்களை முளைப்பிக்கின்றது என்று மைக்கேல்சன் என்னும் கண் வைத்தியர் 1948-இல் ஊகித்தார். குழாய்களை முளைப்பிக்கும் ஒரு புரதத்தை 1989-இல் ஃபெராரா என்பவரும் அவர் கூட்டத்தாரும் பிரித்தெடுத்து, வீ.இ.ஜி.எஃப். என்று பெயரிட்டனர். நீரிழிவினால் புதுக்குழாய் முளைத்தவர்களின் கண்ணீர்மத்தில் அஃது மிகுந்திருப்பதனை 1994-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். சர்க்கரைக் கசடு நேரே இப்புரதத்தைப் பெருக்குவதும், மெத்தில்கிளையாக்ஸால், குழாயின் பிடிப்பைத் தளர்த்தும் ஆஞ்சியோபொயட்டின்-2 என்னும் மற்றொரு புரதத்தை மிகுவிப்பதும் ஆய்வுச்சாலைச் சோதனைகளில் காணப்பட்டன. ஆகவே இப்புகை இருவகையில் தீங்கு செய்கின்றது: பழைய வாய்க்காலைத் தூர்க்கின்றது, தகாத புது வாய்க்காலுக்கும் வழிகோலுகின்றது.

புதுக்குழாய் முளைப்பது நன்றன்றோ என்பீராயின், அன்று. வறட்சிக்கு அஞ்சியவர் இரவோடிரவாகக் கரை போடாமல் வெட்டிய வாய்க்கால் முதல் வெள்ளத்தில் உடைவதுபோல, வலுவற்ற இப்புதுக்குழாய்கள் உடைந்து, கண்ணுக்குள் நிறைந்த பளிங்கு போன்ற கூழில் குருதியைச் சொரியும். பின்னர்த் தழும்பு சுருங்கி விழித்திரையையே பெயர்த்து இழுப்பதும் உண்டு. எம் மாமாவின் வலக்கண்ணில் சிந்திய மை இதுவே.

ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். எல்லாக் குற்றமும் இப்புகையின்மேல் ஏற்றத்தக்கதன்று. மிகைச் சர்க்கரை கேடு விளைக்கும் வழிகள் பல. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டிய மைக்கேல் பிரவுன்லி என்பவரின் கொள்கை 2001-இல் வெளியாயிற்று. உயர்ந்த இரத்த அழுத்தமும் தன் பங்கினைச் செய்யும். இங்கிலாந்தில் 1998-இல் முடிவு கூறிய பேராய்வு ஒன்றில், அழுத்தத்தை நன்கு அடக்கியவர்க்கு விழித்திரைக் கேடு முற்றுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேலும், கசடு படியாமல் தடுக்கும் அமினோகுவானிடின் என்னும் பொருள் எலிகளின் விழித்திரையைக் காத்தது என்று 1991-இல் அறிந்து பலரும் மகிழ்ந்தனர். ஆயின் அது மனிதர்க்கு மருந்தாக நிலைபெறவில்லை. ஆகையால், சர்க்கரைக் கசட்டினை நீக்கிக் கண்ணைத் தெளிவிக்கும் சூரணம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதனை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழவாதீர்கள்.

கசட்டினை நீக்கும் மருந்து இல்லையேனும், புகையைக் குறைக்கும் வழி உண்டு. அஃதாவது விறகைக் குறைத்தல். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் செலுத்திக்கொள்ளும் 1,441 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. சர்க்கரையை நன்கு அடக்கியவர்க்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்து இருதிறத்தாரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒத்துப்போன பின்னும், முன்னரே அடக்கியிருந்தவர்க்கு அந்நன்மை பல்லாண்டு நிலைத்தது. உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை. ஒட்டிய கசடு எளிதில் அகலாமையும் இதற்கொரு காரணம் என்பர். ஆதலின், பிள்ளையின் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நாட்கடத்துவது பெரும்பிழை.

இனி, முளைத்துவிட்ட குழாய்க்கும் சிகிச்சை உண்டு. லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரப்பகுதியைச் சுட்டு விடுவார்கள். நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக் கழனியைத் தரிசாக விட்டு நடுக்கழனியைக் காப்பாற்றும் குடியானவனின் யுக்தி இது. ஓரம் பட்டால் கூவல் அடங்கும், நடுப்பார்வை பிழைக்கும். இம்முறை கொடிய பார்வையிழப்பைப் பாதிக்குமேல் குறைக்கின்றது என்று 1976-இல் அமெரிக்காவில் நிலைநாட்டினர். வீ.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் பின்னர் வந்தன. அதனையும் ஆஞ்சியோபொயட்டின்-2-ஐயும் ஒருங்கே தடுக்கும் மருந்து ஒன்றினைக் கண்ணின் சில நோய்களுக்கு 2022-இல் அமெரிக்க அரசினர் ஏற்றனர். குருதி கலந்த கூழை நுண்கருவியால் அகற்றும் அறுவை முறையும் உண்டு. எம் மாமாவின் இடக்கண் லேசரால் காப்பாற்றப்பட்டது. வலக்கண்ணில் அறுவை செய்தும் பாதிப் பார்வையே மீண்டது. சுமைதூக்கு வண்டி ஓட்டும் வேலை போய், இன்று ஸ்டோரில் கணக்கு எழுதுகின்றார். சம்பளமும் குறைந்தது.

இவ்வுதவிகள் எட்டாத தூரத்தில் உள்ளனவோ எனின், அதுவும் இல்லை. எழும்பூர் அரசாங்கக் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையையும், டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் அவர்கள் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவையும் நிறுவினார்கள். நம் பழைய காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில், டாக்டர் வி. மோகன் அவர்களின் முயற்சியால், வேனில் வைத்த கருவிகளைக் கொண்டு விழித்திரையைப் படம் பிடித்து, இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை வைத்தியர்களுக்கு அனுப்பிப் பார்க்கச் செய்தனர். கழனி வேலை செய்வோர்க்கு ஊர்த்தெருவில் கிட்டிய பரிசோதனை, கம்பெனி பஸ்ஸில் செல்லும் நமக்குக் கிட்டாதோ?

சென்னை நகரில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், நீரிழிவுடையார் நூற்றுவரில் ஏறத்தாழ பதினெண்மர்க்கு விழித்திரைக் கேடு காணப்பட்டது. அவருள் பெரும்பாலார்க்குத் தொடக்க நிலையே. புதுக்குழாய் முளைத்தவர் சிலரே. அஃதாவது, காப்பாற்றத்தக்க நிலையிலேயே பலர் உள்ளனர். ஆயின் அந்நிலையில் வலியில்லை, சிவப்பில்லை, எழுத்தும் நன்றாகத் தெரியும். கண் நன்றாகத் தெரிகின்றது என்பதே இந்நோய் விரிக்கும் வலை.

இப்போது, மாமா மறைத்ததன் காரணத்துக்கு வருவோம். அவர்க்கு மூத்த பெண் மணப்பருவத்தில் இருந்தாள். சர்க்கரைக் குடும்பம் என்று பெயர் வந்தால் சம்பந்தம் தட்டும் என்று அஞ்சினார். அவ்வச்சம் வீணானதென்று யாம் சொல்லமாட்டோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் ஜாதகம் பார்க்கும்போதே, "அந்த வீட்டில் சர்க்கரை உண்டாமே" என்று மெல்லக் கேட்கும் வழக்கத்தை இவ்வவையில் அறியாதார் யார்? யாமும் கேட்டிருக்கின்றோம். அவ்வழக்கமே மாமாவின் மாத்திரையைப் பைக்குள் ஒளித்தது. அவர் நோயை அறிந்திருந்தால் யாமும் கண்ணாடியை மாற்றச் சொல்லியிரோம்.

கலியாணத்திற்கு ஒரு திங்கள் முன்னே கண் போயிற்று, மறைக்க இயலவில்லை. எம் தமக்கையார் அழுதுகொண்டே சம்பந்தி வீட்டிற்குச் சென்று நடந்ததைக் கூறினார். உடன் சென்றிருந்தோம். சம்பந்தியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து, தாம் உண்ணும் மாத்திரை அட்டையை எடுத்துத் திண்ணைமேல் வைத்தார். ஒன்பது ஆண்டுகளாக உண்கின்றாராம். அவரும் தம் மகன் கலியாணத்தை எண்ணியே மறைத்துவைத்திருந்தார். கண்ணைக் காட்டியதுண்டோ என்று கேட்டோம். ஒருநாளும் இல்லை என்றார். அடுத்த வாரமே மாமாவுடன் அவரையும் அழைத்துச் சென்றோம். தொடக்க நிலைக் கேடு இருந்தது. காலத்தில் கண்டமையால் இன்றளவும் பார்வைக்குக் குறைவில்லை. கலியாணமும் குறித்த நாளில் நடந்தேறியது.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லாராய்ச்சி செய்ய அனுமதிக்க வேண்டுகின்றோம். நீரிழிவு என்னும் பெயரில் உள்ள இழிவு மானக்கேட்டைக் குறிப்பதன்று. இழிதல் என்பது கீழ்நோக்கி இறங்குதல். மலையினின்று அருவி இழியும் என்பது நூல்வழக்கு. நீர் மிகுதியாக இறங்கும் நோய் ஆதலின் நீரிழிவு எனப்பட்டது. நம்மவரோ அச்சொல்லை இழுக்கு என்று பொருள்கொண்டு, நோயை ஒளித்துக் கண்ணை இழக்கின்றனர். சொல்லின் பொருள் அறியாமையால் கண் போவதினும் பெரிய கேடு யாதுளது?

ஆகவே, இச்சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவாகும். நீரிழிவு உண்டென்று அறிந்த அன்றே, கண் நன்றாகத் தெரிந்தாலும், பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைக் காட்டுக; அதன்பின் ஆண்டுக்கொருமுறை தவறாது காட்டுக. மருந்து விட்ட அன்று சில மணிநேரம் பார்வை கூசுமாதலின், மோட்டார் சைக்கிளில் செல்லாமல் துணையுடன் செல்க. நீரிழிவுள்ள பெண்மக்கள் கருவுற்றால் தாமதியாது கண்ணைக் காட்டுக. மூன்று மாதச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வைத்தியர் குறித்த அளவில் நிறுத்துக. நம் சங்கம் ஆண்டு விழாவிற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை விழித்திரைப் பரிசோதனை நாளாக ஏற்படுத்தி, ஷிப்டில் உள்ளார்க்கும் வசதியாக முற்பகல், பிற்பகல் இருவேளையும் நடத்துமாறு வேண்டுகின்றோம். அந்நாளில் முதற்கண் தலைவர் அவர்களும் நிர்வாகிகளும் தங்கள் கண்களைக் காட்டுவார்களாயின், மற்றையோர் கூச்சம் தானே நீங்கும். எமக்கும் சென்ற திங்களில் சர்க்கரை உண்டென்று தெரிந்தது. இதனை இவ்வவையில் சொல்லவேண்டும் என்றே வந்தோம். அன்று வரிசையில் யாமும் நிற்போம்.

இனிச் சம்பந்தம் பேசும்போது, அந்த வீட்டில் சர்க்கரை உண்டோ என்று கேட்பதை விடுத்து, கண் காட்டினீர்களோ என்று கேட்போமாக.  எல்லார்க்கும் கண்ணொளி குன்றாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.